அத்தாவின் ளகரம்

அரபியில ஒரு எழுத்து இருக்கு. அந்த ஒத்தை எழுத்து எங்க வீட்டுல பண்ணின வேலையை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது. பேரன் பேத்தி எடுத்தாச்சு, பல்லு பாதி போயாச்சு, இந்த ஆத்திரம் மட்டும் போகலை. தமிழ் பேசுற நாங்க அந்த எழுத்தை 'ள'ன்னு சொல்லுவோம். தொழுகைக்கு முன்னால கை கால் கழுவுறது ஒளு, கட்டாயமா தொழ வேண்டியது பர்ளு, நோன்பு மாசம் ரமளான். உருது பேசுறவங்க அதையே 'ஜ'ன்னு சொல்லுவாங்க. வஜூ, ஃபர்ஜ், ரம்ஜான். இதுல என்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. பத்து வயசுல நானும் அதைத்தான் கேட்டேன்.

ஐம்பதுகளோட நடுவுல நாங்க குருபரப்பள்ளியில இருந்தோம். ரோட்டோரமா அத்தாவுக்கு, அதான் எங்கப்பாவுக்கு, புளி வியாபாரம். கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவுல போற லாரியெல்லாம் எங்க வாசல்ல புழுதியை வாரி அடிச்சுட்டுப் போகும். முஸ்லிம் வீடுன்னு பார்த்தா நாலே நாலு. பள்ளிவாசல் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அத்தா கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறிப் போயிடுவாரு. மத்த நாள்ல பொழுது சாயுற மஃரிபுத் தொழுகை நேரத்துக்குக் கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்து, அவரே முன்னால நின்னு சத்தமா ஓதித் தொழ வைப்பாரு. பின்னால அம்மாவும் நானும்.

அத்தா பெருசா ஓதினவர் இல்லே. லாரிக்காரங்களோட தெலுங்குலயும் கன்னடத்துலயும் மல்லுக்கு நிக்கிற முரட்டுக் குரல். குர்ஆனோட முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஆரம்பிச்சா மட்டும் அந்தக் குரல் அப்படியே இறங்கிடும். கடைசி வார்த்தையை 'வலள்ளால்லீன்'னு நல்லா இழுத்து முடிப்பாரு. நானும் அம்மாவும் ஆமீன்னு சொல்லுவோம். நாள் பூராவுலயும் எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும்.

அந்த நாலு வீட்டுல ஒண்ணு ஆபாவோட வீடு. கோலார் பக்கத்துலேர்ந்து கல்யாணமாகி வந்தவங்க. உருதுக்காரங்க. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு குர்ஆன் ஓதிக் குடுப்பாங்க. அக்காங்கிற அர்த்தத்துல எல்லாரும் ஆபான்னு கூப்பிடுவோம். எழுத்தைச் சொல்லிக் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அவங்க எங்களுக்கு அதபுதான் சொல்லிக் குடுத்தாங்க. அதபுன்னா ஓதுற பிள்ளைக்கு இருக்க வேண்டிய மரியாதை, ஒழுக்கம் எல்லாம். ஒளு இல்லாம குர்ஆனைத் தொடக் கூடாது. முட்டி மடக்கி உக்காரணும், சுவத்துல சாயக் கூடாது. ஓதிக் குடுக்கிறவங்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது. தெரிஞ்சதைச் சொன்னாலும் தெரியும்னு சொல்லாம கேட்டுக்கணும். ஒவ்வொரு தொழுகைக்கு அப்புறமும் பெத்தவங்களுக்கும் ஓதிக் குடுத்தவங்களுக்கும் சேர்த்து துஆ கேக்கணும். எல்லாத்தையும் நான் ஒழுங்கா செஞ்சேன். சத்தியமா செஞ்சேன். கால் மரத்துப் போய் எழுந்திருக்க முடியாம விழுந்திருக்கேன், ஒரு நாளும் காலை நீட்டினதில்லே.

எல்லாம் சரியாத்தான் போச்சு, அல்ஹம்து சூராவோட கடைசி வார்த்தை வர்ற வரைக்கும்.

"வலள்ளால்லீன்."

"அரே, நை! ள இல்லே. ஜ. வலஜ்ஜால்லீன்."

"வலள்... வலள்ளால்லீன்."

நாலு மாசம்! அந்த ஒரு வார்த்தையில நாலு மாசம் நின்னேன். எனக்குப் பின்னால சேர்ந்த குட்டிங்க எல்லாம் அடுத்த பாடம், அதுக்கடுத்த பாடம்னு போயிடுச்சுங்க. "உனக்கு நாக்கா, ரப்பரா?"ன்னு ஒருத்தி கேட்டா. நான் அவ தலைமுடியைப் பிடிச்சு இழுத்தேன், அதுக்கும் எனக்குத்தான் திட்டு. கடைசியில ஒரு நாள் 'ஜ' வந்துடுச்சு. ஆபா என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் குடுத்தாங்க.

அன்னிக்கு சாயங்காலம் அத்தா பின்னால நின்னேன். 'வலள்ளால்லீன்'னு அவர் இழுத்தாரு. எனக்கு ஆமீன் வாயில வரலை.

மறுநாள் ஆபாகிட்ட அனுமதி கேட்டு, தலையைக் குனிஞ்சுகிட்டு, அதபு கொஞ்சமும் குறையாம ஒரு கேள்வி கேட்டேன். "ஆபா, முன்னால நின்னு தொழ வைக்கிறவர் எழுத்தைத் தப்பா ஓதினா பின்னால நிக்கிறவங்க தொழுகை என்ன ஆகும்?" அது எங்க அத்தாதான்னு சொல்லலை. பெத்தவங்களை வெளியில விட்டுக் குடுக்கக் கூடாதுங்கிறதும் அவங்க சொல்லிக் குடுத்ததுதானே!

ஆபா யோசிக்கவே இல்லை. "எழுத்து மாறினா மானே மாறிடும். மானே மாறினா அது நமாஸே இல்லே"ன்னுட்டாங்க. மானேன்னா அர்த்தம். பத்து வயசுப் பிள்ளைக்கு அது இடி விழுந்த மாதிரி. யாருக்காகக் கேக்குறேன்னு ஒரு வார்த்தை அவங்க கேட்டிருக்கலாம். நானாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

அப்புறம் நான் பண்ணினதுதான் கொடுமை. அத்தா பின்னால நின்னு தொழுவேன். சலாம் குடுத்து துஆ முடிஞ்சதும் அடுப்படிப் பக்கம் போய், அதே மஃரிபை மறுபடியும் தனியா மூணு ரக்அத் தொழுவேன். ரெண்டு வாரம் யாருக்கும் தெரியலை. ஒரு நாள் தண்ணி குடிக்க வந்த அத்தா பார்த்துட்டாரு. நான் முடிக்கிற வரைக்கும் சொம்பைக் கையில வச்சுகிட்டு நின்னாரு.

"என்னம்மா, சுன்னத்தா?"ன்னு கேட்டாரு. பெருமையாத்தான் கேட்டாரு. கட்டாயம் இல்லாத சுன்னத்துத் தொழுகையையும் பிள்ளை கூடுதலா தொழுவுதேன்னு.

பொய் சொல்லக் கூடாதே! "இல்லே அத்தா. ஃபர்ஜ்."

பர்ளுன்னு கூட சொல்லலை, பாருங்க. ஃபர்ஜ்னு சொன்னேன். இந்த வாயை எதால அடிக்கிறது?

அத்தாவுக்கு ஒரு நிமிஷம் புரியலை. அப்புறம் புரிஞ்சுடுச்சு. ஏன்னு கேட்டாரு, சொன்னேன். திட்டுவாருன்னு நினைச்சேன். அம்மாதான் கரண்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. "உங்க பாட்டன் முப்பாட்டன் தொழுததெல்லாம் செல்லாதாடி? நம்ம ஊத்தங்கரை கபரஸ்தான்ல புதைஞ்சு கிடக்கிறவங்களை எழுப்பித் தொழச் சொல்லுவியா?"ன்னு கத்தினாங்க. அத்தா, "விடு, பிள்ளை ஓதுது"ன்னு மட்டும் சொல்லிட்டுத் தண்ணி குடிக்காமலே போயிட்டாரு. மறுநாள் மஃரிபுக்கு அவர் முன்னால நிக்கலை. "அவங்கவங்க தனியா, வாய்க்குள்ள ஓதித் தொழுதுக்கலாம்"னாரு.

நான் கேட்டது தொழுகை செல்லுமான்னுதானே, அத்தா நிறுத்தணும்னா கேட்டேன்? யார்கிட்ட போய்ச் சண்டை போடுறது? ஆபாகிட்ட எதிர்த்துப் பேசக் கூடாது. அத்தாகிட்ட குரலை உயர்த்தக் கூடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு அதபு வந்து வாயைப் பொத்துது. அவர் மறுபடியும் முன்னால நிக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். துஆவுல அதை மட்டும்தான் கேட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஆபாவோட தம்பி வந்தாரு. வாணியம்பாடி மதரஸாவுல ஆலிமுக்கு, அதான் மார்க்க அறிஞர் பட்டத்துக்கு, ஓதிகிட்டு இருந்தவர். பக்கத்து அறையில உக்காந்து எங்க பாடத்தைக் கேட்டுகிட்டே இருந்தவர், அக்காவை உள்ளே கூப்பிட்டு உருதுல ஏதோ சொன்னாரு. லாரி ரோட்டுல வளர்ந்த பிள்ளைக்கு உருது புரியாதா? "அக்கா, நீங்க சொல்றது அந்த எழுத்து இல்லே, அது வேற எழுத்து. நாக்கோட ஓரம் கடவாய்ப் பல்லுல படணும். தமிழ்க்காரங்க சொல்ற ளவும் இல்லே, நாம சொல்ற ஜவும் இல்லே. ரெண்டு பேருக்குமே சரியா வர்றதில்லே."

"மெதுவா பேசு, பிள்ளைங்க இருக்காங்க"ன்னாங்க ஆபா.

அடப்பாவிகளா! இதுக்கா நாலு மாசம்? இதுக்கா எங்க அத்தா...? குர்ஆனை மூடி வச்சுட்டு, செருப்பு கூடப் போடாம கடைக்கு ஓடினேன். அத்தா புளியைக் குமிச்சு வச்சுகிட்டு ஓடு பொறுக்கிகிட்டு இருந்தாரு.

"அத்தா! ஆபா ஓதுறதும் தப்பாம்! அவங்க தம்பியே சொல்லிட்டாரு! இனிமே நீங்களே தொழ வைக்கலாம்!"

அவர் முகம் மலரும்னு நினைச்சேன். பிசுபிசுன்னு இருந்த கையைத் தொடைச்சுகிட்டே எழுந்தாரு.

"யாரைத் தப்புன்னு சொல்றே?"

"ஆபாவை."

"உனக்கு ஓதிக் குடுத்தவங்களை நடுரோட்டுல நின்னு தப்புன்னு கூவுறே. போ. போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா."

"அத்தா, அவங்களாலதானே நீங்க..."

"போன்னேன்ல."

போனேன். பல்லைக் கடிச்சுகிட்டுப் போனேன். எதுக்கு மாஃபின்னு ஆபா கேட்டாங்க. எல்லாத்தையும் கொட்டிட்டேன், அடுப்படியில தனியா தொழுதது வரைக்கும். ஆபா முந்தானையால வாயை மூடிகிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. "அது உன் அத்தாதான்னு ஏன் சொல்லலே, பேட்டி, என் மகளே?"ன்னாங்க. அன்னிக்கே எங்கம்மாகிட்ட வந்து, "உங்க வீட்டுக்காரரே தொழ வைக்கட்டும், நான்தான் தெரியாம சொல்லிட்டேன்"னு சொல்லிட்டுப் போனாங்க.

மஃரிபுக்கு நான் அத்தாவோட பாயை முன்னால விரிச்சேன். எனக்கும் அம்மாவுக்கும் அதுக்குப் பின்னால விரிச்சேன். அத்தா ஒளு செஞ்சுட்டு வந்தாரு. பார்த்தாரு. தன் பாயை இழுத்துச் சுவரோரமா போட்டுகிட்டாரு.

"அத்தா, ஆபாவே சொல்லிட்டாங்களே!"ன்னு அழுதேன்.

"அவங்களுக்காக இல்லேம்மா. நீ பின்னால நின்னு கேட்டுகிட்டு இருக்கேன்னு நினைச்சா, அந்த எழுத்துக்கிட்ட வர்றப்ப எனக்கு நாக்கு நடுங்குது."

சொல்லிட்டு தக்பீர் கட்டித் தனியா தொழ ஆரம்பிச்சுட்டாரு. அதுக்கப்புறம் அவர் மவுத்தாகிற வரைக்கும் எங்க வீட்டுல அல்ஹம்து சத்தமா கேக்கலை.