எழுத்தாளர் வீட்டு அடுப்படி

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஓடு போட்ட சின்ன வீடு அது. அதில் ஒரு காலத்தில் பெரிய எழுத்தாளர் ஒருவர் குடியிருந்தார் என்பது, அவர் சென்னையில் இறந்துபோய்ப் பேப்பரில் படம் வந்த பிறகுதான் எங்கள் தெருவுக்கே தெரிந்தது.

சித்தப்பாவுக்கு மட்டும் முன்பே தெரியும். பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த அவர், மீதி நேரமெல்லாம் நூலகத்தில் அந்த எழுத்தாளரைத்தான் படித்துக்கொண்டிருந்தார். செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்த அப்பாவுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. “செத்துப்போனவரு வூட்டுக்கு வாடகை ஏத்தாம இருந்தாச் சரி” என்பார்.

வருகிறவர்களுக்குச் சித்தப்பா எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவார். எழுத்தாளர் எழுதிய முன்னறை ஜன்னல், ஸ்டேஷன் வாசலில் அவர் ரயில்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த டீக்கடை, சாயங்காலம் காற்று வாங்கிய மணிமுத்தாற்றுப் படிக்கட்டு. டீக்கடை இருந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது, அதையும் பக்தியோடு பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் எல்லோரும் பார்க்க விரும்பியது எங்கள் அடுப்படியைத்தான். எழுத்தாளரே ஒரு கட்டுரையில் வேடிக்கையாக எழுதியிருந்தாராம். எழுத்தின் அருமை தெரியாத மனைவி அவருடைய முதல் நாவலை அடுப்பில் வைத்து வெந்நீர் காய்ச்சிவிட்டாள். கொஞ்ச நாளில் அவர் தன்னந்தனியாகச் சென்னைக்கு ரயிலேறிப் பெரிய ஆளாகிவிட்டார். இதற்காகவே சித்தப்பா சந்தையில் ஒரு மண் அடுப்பு வாங்கி, கரி பூசி, அடுப்படி வாசலுக்கு நேராக வைத்தார். அம்மா பக்கத்தில் காஸ் அடுப்பில் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருக்க, வந்தவர்கள் அந்த அடுப்பைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

மனைவி வேஷம் எனக்கு. பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “நாலு எழுத்து எழுதுனா சோறு வந்துருமா?” என்று கண்ணை உருட்டிக் கேட்டு, இல்லாத காகிதங்களைக் கொத்துக் கொத்தாக அடுப்பில் திணிப்பேன். சிதம்பரத்திலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எனக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. சித்தப்பா ஏதோ பரீட்சை எழுதக் கடலூர் போயிருந்தார். அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்றிருந்தாள். வாசலில் வயதான பெண் ஒருத்தி வந்து நின்றாள். நூல் புடவை, கையில் ஒரு துணிப்பை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டிருந்தாள்.

“எழுத்தாளரு இருந்த வூடுதானே பாப்பா? உள்ள வந்து பாக்கலாமா?”

“வாங்க ஆயா. நானே சுத்திக் காட்டறேன்.”

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நெற்றியை இடித்துக்கொள்ளும் உள்வாசலில், அவள் மட்டும் தானாகத் தலையைக் குனிந்து நுழைந்தாள். முன்னறை ஜன்னலை நான் காட்டியபோது அவ்வளவாகப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாவாடையைச் செருகிக்கொண்டு முழுவதையும் நடித்துக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. காது கேட்கவில்லை போல என்று நினைத்து, இன்னொரு தடவை உரக்க நடித்தேன்.

“இப்படியா சொல்றாங்க?” என்று கேட்டாள்.

“ஆமா ஆயா. அவரே புஸ்தகத்துல எழுதியிருக்காரு.”

அவள் அந்த மண் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அடுப்பு இங்க இல்லம்மா. அந்தச் சன்னலோரமா இருந்துது” என்றாள். பிறகு சுவரில் கையை ஊன்றியபடி, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னாள்: “அன்னிக்கு ஒரே மழ. வெறகெல்லாம் ஊறிப் போயி, எவ்வளவு ஊதியும் பத்திக்கல. ஒம்போது மாசத்துப் புள்ள. குளுரு ஜொரத்துல தூக்கித் தூக்கிப் போட்டுது. ஒத்தடம் குடுக்க வெந்நி வேணும். வூட்டுல நனையாம இருந்தது அந்தக் காயிதம் மட்டுந்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. சித்தப்பா சொல்லிக்கொடுத்த கதையில் மழையும் இல்லை, பிள்ளையும் இல்லை.

“நீங்க வேற யாரு கதையோ சொல்றீங்க ஆயா. இதுல கொழந்தையே கெடையாது.”

“ஆமாம்மா” என்றாள். “அதுல கெடையாதுதான்.”

அதற்குள் அம்மா குடத்தோடு வந்துவிட்டாள். டீ போடுகிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் அந்த ஆயா கேட்கவில்லை. ஆற்றங்கரைக்கு மட்டும் பிள்ளையை அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அம்மா வழக்கம்போல, “காட்டிட்டு வெயிலுக்கு முன்னாடி வந்துடு” என்றாள்.

ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. படிக்கட்டைக் காட்டி, “இங்கதான் உக்காந்து கதை யோசிப்பாரு” என்றேன். அவள் படிகளைத் தாண்டி மணலில் இறங்கிவிட்டாள்.

“இங்க ஒரு புங்க மரம் இருக்குமே?”

“முள்ளு மரந்தான் ஆயா இருக்குது.”

கொஞ்ச தூரம் நடந்தாள். திரும்பிப் பழமலைநாதர் கோயில் கோபுரத்தைப் பார்த்தாள். பத்தடி தள்ளி நின்று மறுபடி பார்த்தாள். அப்படியே முன்னும் பின்னுமாக நகர்ந்து, முள் மரங்களுக்கு நடுவே ஓரிடத்தில் நின்றுவிட்டாள். “நீ படியில உக்காந்திரு பாப்பா” என்றாள்.

நான் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மணலில் உட்கார்ந்து கையால் எதையோ தடவித் தடவிச் சமமாக்குவது தெரிந்தது. பிறகு பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்துப் பிரித்து வைத்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது என் தலையில் கை வைத்து, “பத்திரமா வூட்டுக்குப் போயிடுவியா?” என்று கேட்டாள். தலையாட்டினேன். பாலக்கரைப் பக்கம் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவள் மறைந்ததும் அங்கே ஓடிப் பார்த்தேன். மணலில் ஒரு பீங்கான் கிளி நின்றது. பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடைகளில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்களே, அது போல ஒன்று. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு. மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு நிமிஷம் அதை எனக்கே வைத்துக்கொள்ளலாமா என்று ஆசையாக இருந்தது. பிறர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வர, எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கருவேப்பிலங்குறிச்சி பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“ஆயா! இத மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்க!”

எட்டிக் கம்பி வழியாக நீட்டினேன். அவள் கிளியைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள். பஸ் நகரவும் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்த எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

சாயங்காலம் சித்தப்பா வந்ததும் ஒன்று விடாமல் சொன்னேன். மழை, விறகு, பிள்ளை என்று நான் சொல்லச் சொல்ல, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணி, அது எழுத்தாளரோட சம்சாரம்” என்றார். “இந்த வூட்டுல ஒரு புள்ள செத்துப்போச்சு, ஆத்தோரம் பொதச்சாங்கன்னு கோடி வூட்டுத் தாத்தா ஒரு தடவ சொன்னாரு. நாந்தான் காதுல வாங்கிக்கல.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “பெத்தவ முன்னாடியா இவ அந்த ஆட்டம் ஆடுனா?”

அடுத்து வந்த ஞாயிறுகளில் சித்தப்பா சைக்கிளில் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் போய், ஊர் ஊராக விசாரித்தார். அப்படி ஒருவரைத் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. மண் அடுப்பைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டார். பிறகு வந்தவர்களிடம், உள்ளே காட்ட ஒன்றுமில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம், ஆற்றங்கரையில் கிளியைக் கண்டெடுத்ததையும் பஸ்ஸுக்கு ஓடியதையும் கடைசியாகச் சொன்னேன். அதற்காவது பாராட்டு கிடைக்கும் என்றிருந்தேன்.

“திருப்பிக் குடுத்துட்டியா?” என்றார் சித்தப்பா.

“ஆமா. சன்னல் வழியா.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு அழகான கிளியை நான் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டு வந்ததற்காகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அம்மாவைச் சமாதானப்படுத்த, “அடுத்த தடவ யாராவது மறந்துட்டுப் போனா, நம்ப வூட்டுக்கே எடுத்துட்டு வந்துடறேம்மா” என்றேன்.