அந்தோனியார் திருநாளுக்கு மறுநாள் நிலவு

என் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் இருந்த காலம். அந்தோனியார் திருநாள் முடிந்த மறுநாள் இரவு. உடல் ஒதுங்கவில்லை. வள்ளத்தின் பலகை ஒன்றுகூட ஒதுங்கவில்லை.

பிறகு கரையை விட்டு உள்ளுக்கு வந்து, காடு வெட்டின காணி ஒன்றில் கொட்டில் போட்டோம். நானும் மாமியும். மாமி என்றால் அவருடைய தாய். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இரண்டு வருசம் போனது. ஆத்துமாவுக்குப் பூசை கொடுக்கலாமே என்று பாதர் கேட்டார். மாமி மறித்துவிட்டார்.

"உயிரோட இருக்கிறவனுக்குச் செத்த பூசை வைக்கிறதோ?"

மாமியிடம் ஒரு கணக்கு இருந்தது. நிலவு நிற்கும்போது எங்கள் ஆட்கள் வலை விடுவதில்லை. மீனுக்கு வலை தெரியும். நேவிக்காரருக்கு வள்ளம் தெரியும். மணலில் தன் நிழல் தெரிகிற மட்டும் என் கணவர் வள்ளத்தைத் தள்ள மாட்டார். நிலவு விழவேண்டும். அன்று கடலில் வெடிச் சத்தம் கேட்டபோது மாமி வெளியே வந்து பார்த்தாராம். நிலவு நின்றதாம். அப்படியென்றால் மகன் அந்த நேரம் கரையில்தான் இருந்திருப்பார். அந்தச் சூடு அவருக்கு விழுந்ததில்லை. பிறகு போய், இயந்திரம் பழுதாகி, இந்தியாப் பக்கம் இழுபட்டிருப்பார். அங்கே ஏதோ ஒரு சிறையில் இருப்பார்.

நான் வெளியே வரவில்லை. சத்தம் கேட்டதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றரை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கலியாண வீடுகளுக்கு என்னைக் கூப்பிட யோசித்தார்கள். செத்த வீட்டில் விதவைகளோடு இருக்கச் சொல்லவும் யோசித்தார்கள். நான் விறகு பொறுக்கினேன். சமைத்தேன். படுத்தேன்.

அங்கே பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த சேர் ஒருவர் படிப்பித்தார். கம்பியூட்டர் ஒன்றைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சனத்துக்கு அதில் வானத்தைக் காட்டப்போவதாக அறிவித்தார். எல்லோரும் போனோம். போக வேறு இடம் இல்லை.

வகுப்பறை ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வெளியே ஜெனரேற்றர் இரைந்தது. அது உழவு மெசின் ஓட்டுகிற ஒருவருடையது. அவர் முன் கதிரையில் இருந்தார். அவர் வாயைப் பிடிக்க ஆளில்லை.

சேர் முதலில் சனிக் கிரகத்தைக் காட்டினார். வளையம் போட்டு நின்றது.

"சேர், அங்க போறதெண்டாலும் பாஸ் எடுக்கோணுமோ?" என்றார் மெசின்காரர். வன்னியை விட்டு வெளியே போக அப்போது பாஸ் எடுக்கவேண்டும், ஒருவரைப் பிணையாக நிறுத்தவும் வேண்டும்.

"ஆள்பிணையும் வைக்கோணும். உம்மை நம்பி ஆர் நிப்பினம்?" என்று பின்னால் இருந்து ஒரு பெண் சொன்னாள். சனம் சிரித்தது. சேரும் சிரித்தார்.

அடுத்து இரண்டு புள்ளிக் கும்பல்கள் வந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சூரியன் என்றார் சேர். ஒரு கும்பல் மற்றதை இழுத்தது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, வால் விட்டுக்கொண்டு மறுபக்கம் வந்தன.

"முட்டேல்லையோ?" என்றார் மெசின்காரர்.

"இடையில நிறைய வெளி இருக்கு. முட்டாது."

"அப்ப எங்கட றோட்டை விட நல்லம்."

"இது கமராவில பிடிச்ச படமில்லை," என்றார் சேர். "கணக்கு. ஆராய்ச்சிக்காரர் பெரிய மெசினுகளில போட்டுப் பாக்கிறதின்ர சின்னத் துண்டு. எது எங்க நிண்டது, என்ன வேகத்தில போனது எண்டு குடுத்தால் போதும். மிச்சத்தை அதுவே ஓட்டிக் காட்டும்."

மாமி எழும்பினார். கூட்டத்தில் கதைக்கிறவர் இல்லை அவர்.

"தம்பி, போன நாளையும் உதில பாக்கலாமோ?"

"ஓம் அம்மா. வானத்தை முன்னுக்கும் ஓட்டலாம், பின்னுக்கும் ஓட்டலாம்."

"அப்ப அந்தோனியார் திருநாளுக்கு மறுநாள் போடுங்கோ. போன வருசத்துக்கு முந்தின வருசம். முல்லைத்தீவுக் கரை."

ஏன் கேட்கிறார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சேருக்கும் தெரியும்.

"எத்தினை மணிக்கு?"

மாமி என்னைப் பார்த்தார்.

"சாமம் ஒண்டரை," என்றேன்.

சேர் தட்டினார். திரை கறுத்தது. பிறகு நட்சத்திரங்கள் வந்தன. அடியில் ஒரு கோடு. கோடு நிலம் என்றார் சேர். மேற்குப் பக்கம் திருப்பினார். கோட்டுக்கு மேல் நிலவு நின்றது. மூன்று விரல் உயரம் இருக்கும்.

"பாத்தியளே!" என்றார் மாமி. "நிக்குது. நான் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை."

என் கையைப் பிடித்தார். சனம் கலகலத்தது. ஒருத்தி மாமியின் முதுகைத் தடவினாள். மெசின்காரருக்கும் சந்தோசம்.

"அதுசரி சேர், உந்த நிலவு கொழும்பு நேரத்திலயோ ஓடுது, எங்கட நேரத்திலயோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் இரண்டு நேரம் இருந்தது. கொழும்பில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். வன்னியில் நாங்கள் பழைய நேரத்தில் இருந்தோம். எங்கள் சுவர் மணிக்கூடும் பழைய நேரம்தான். அரை மணித்தியால வித்தியாசம். எங்களுக்கு ஒன்றரை என்றால் கொழும்பில் இரண்டு.

"இது கொழும்பு நேரம்," என்றார் சேர். "உந்தப் புறோகிராம் வவுனியாவில, ஆமிப் பக்கம், போட்டுத் தந்த மாதிரியே கிடக்கு. நான் மாத்தேல்லை." பிறகு மாமியைப் பார்த்தார். "விடுவமே அம்மா?"

மாமி என் கையை விடவில்லை.

"மாத்துங்கோ தம்பி."

சேர் இரண்டு மணி என்று போட்டார். நிலவு கோட்டுக்குக் கீழே போய்விட்டது. இறங்கினதைக்கூட நான் காணவில்லை. இருந்தது, பிறகு இல்லை. நட்சத்திரங்கள் மட்டும் நின்றன. வலை விட நல்ல இருட்டு.

"நான் பகிடிக்குத்தான் அம்மா கேட்டனான்," என்றார் மெசின்காரர்.

"தெரியும்," என்றார் மாமி. திரும்பத் தன் இடத்தில் இருந்துவிட்டார்.

சேர் அந்த இரண்டு கும்பல்களைத் திரும்ப ஓட விட்டார். நாங்கள் முடியும்வரை இருந்தோம். மண்ணெண்ணெய் கிடையாத காலத்தில் ஒருவர் ஜெனரேற்றர் ஓட்டிக் காட்டுகிறார். இடையில் எழும்புவது சரியில்லை. புள்ளிகள் போய் வந்தன. எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

திரும்பி நடக்கும்போது மாமி ஒரு முறைதான் வாய் திறந்தார்.

"நான் நிலவு பாத்தது வேற நாளாக்கும்."

"இருக்கும் மாமி," என்றேன்.

கொட்டிலுக்குள் போகவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் எங்கள் ஆட்கள் முழுகிவிட்டுத்தான் உள்ளுக்குப் போவது. மாமி தண்ணீர் அள்ளி, உடுத்த சீலையோடு தலையில் ஊற்றினார். திரும்ப அள்ளினார். திரும்ப ஊற்றினார். நான் வேலியோரம் நின்றேன்.

"நாளைக்குப் பாதரிட்டப் போவம்," என்றார்.

"ஓம்."

வாளியை மறுபடி இறக்கி நிறைய அள்ளிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வா பிள்ளை. நீயும் முழுகு."

போய்க் குனிந்தேன். மாமிதான் ஊற்றினார்.