பிள்ளையாருக்குப் பின்னால் செருகிய அறிவித்தல்

எண்பதுகளில் சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கார அம்மாவின் மேல்மாடி அறையில் நானும் சிவம் அண்ணையும் இருந்தோம். கீழே அந்த அம்மா அப்பிள் அவிக்கும் வாசம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

அவர் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பெயர் எழுதாமல் வீட்டு விலாசம் மட்டும் போட்ட, நகரசபை முத்திரை குத்திய கடிதமொன்று தபால் பெட்டியில் கிடந்தது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை.

“இது எங்களைத் திருப்பி அனுப்புற கடிதம்தான். உடைக்காதை,” என்றார் அண்ணை. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுத் தினமும் கும்பிட்டோம்.

நாலு கிழமையால் திரும்பிய அம்மா, “கடிதம் ஏதும் வந்ததா?” என்று கேட்டார். பிள்ளையாருக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாசித்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வீதியைத் திருத்தப்போகிறார்களாம், செலவில் ஒரு பங்கு அவர் வீட்டின்மேல் விழுமாம். ஆட்சேபிக்க மறுநாள்தான் கடைசி நாள்.

குசினி மேசையிலேயே அவர் எழுத, நான் சப்பாத்து நாடாவும் கட்டாமல் தபால் கந்தோருக்கு ஓடினேன். பிறகு அவருடைய பங்கைக் குறைத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்களுக்கும் ஒரு கோப்பை அவித்த அப்பிள் வந்தது.

இப்போது முத்திரைக் கடிதம் வந்தால் பெட்டியடியிலேயே உடைத்து வாசிக்கிறேன். பிள்ளையாருக்குக் காட்டுவது அதற்குப் பிறகுதான்.