நெறி கட்டு என்று நினைத்தோம்

2005 கோடையில், மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் என் கணவருக்குத் தொடையிடுக்கில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி வந்தது. காலில் புண் வந்தால் அங்கே நெறி கட்டுவது உப்பளக்காரர்களுக்கு வழக்கம்தான். நானும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன்.

கால் புண் ஆறிவிட்டது. கட்டி போகவில்லை. ஆனால் வலியில்லை என்று நிம்மதியாக இருந்தோம்.

கட்டி இன்னும் பெரிதான பிறகே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சோதித்துவிட்டு, "ஏம்பா, சின்ன வயசுலேர்ந்தே ஒரு பக்கம் விதை பைக்குள்ள இறங்கலையா?" என்று கேட்டார்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்க. இதைப் போய் யாருகிட்ட சொல்றது?"

எனக்கும் தெரியும். அதை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றுதான் தெரியாது.

மேலேயே தங்கிவிட்ட அந்த விதையில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "பையன் இருக்கானா? அவனுக்கும் இது வரலாம், கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்றார். மறுநாளே எங்கள் ஒரு வயது மகனைத் தூக்கிப்போனேன். அவனுக்கும் ஒரு பக்கம் இறங்கவில்லை. தினமும் குளிப்பாட்டிய எனக்குத் தெரியவில்லை. சின்ன ஆபரேஷனில் இறக்கி வைத்தார்கள்.

இப்போது தெருவில் ஆண் குழந்தை பிறந்தால், யார் ஜாடை என்று நான் கேட்பதில்லை. "விதை ரெண்டும் இறங்கியிருக்குதான்னு டாக்டரைக் கேட்டியாடி?" என்றுதான் கேட்கிறேன். வெட்கம் கெட்டவள் என்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் என் கணவர் இப்போதெல்லாம் தலையைக் குனிவதில்லை.