இடது கால் பக்கம்

"அப்போ என்ன, சொந்தப் பொண்ணுன்னு பார்த்து வலது பக்கம் அடிக்கச் சொல்லணுமா?" ஈரத்துணியை மொட்டைமாடிக் கொடியில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள் கோச்சின் மனைவி.

"கப்பு வாங்கிட்டா பெரிய கோச்சா அக்கா? பெத்த பொண்ணை அழ வச்சு வாங்கினது தானே?" என்றாள் மாடி வீட்டுக்காரி.

"வலது பக்கம் சொல்லியிருந்தா, மேட்சை வித்துட்டான்னு முதல்ல கத்துறவ நீதான்."

வாயை அடைத்துவிட்டுத்தான் இறங்கினாள். வீட்டுக்குள் வந்த பிறகு அந்தப் பேச்சு அவளையே அறுத்தது.

மகள் ஹாக்கி கோல்கீப்பர். அப்பாவின் அணியிலேயே ஆறு வருஷம் பெஞ்சைத் தேய்த்தவள். இடது கால் பக்கம் தாழ்வாக வரும் பந்துக்கு அவளுக்கு ஒரு இமைப்பொழுது தாமதம். "அதைச் சரி பண்ணிட்டு வா, இறக்குறேன்" என்பார் அவர். ஆறு கோல் முன்னால் இருந்த நாளில்கூட இறக்கவில்லை. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் அணிக்குப் போய்விட்டாள்.

போன வாரம் இறுதி ஆட்டத்தில் எதிரணி கோலில் நின்றது அவள்தான். ஆட்டம் சமன். ஷூட்-அவுட்டில் இவருடைய பெண்கள் ஐந்து பேரும் ஒவ்வொருத்தியாகப் பந்தோடு வந்து, இவர் சொன்னபடி அவளுடைய இடது கால் பக்கமே தள்ளினார்கள். நாலு உள்ளே போனது. இவருக்கு அது எட்டாவது கப்பு. மகள் அம்மாவைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

அதன் பிறகு வீட்டில் தட்டுச் சத்தம் மட்டும்தான். நாலாம் நாள் சாப்பாட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்: "மனசைத் தொட்டுச் சொல்லுங்க, நீங்க பெரிய கோச்சா?"

அவர் நிமிரவில்லை. "மத்த பிள்ளைங்களுக்கு ஒவ்வொண்ணையும் கூட நின்னு சொல்லிக் கொடுத்தேன். இவளுக்கு மட்டும் கொடுக்கலை. இவளோட தனியா நின்னா, பொண்ணுக்குச் சலுகைன்னு பேசுவாங்கன்னு..."

"எட்டு கப்பு வாங்கின மனுஷன், நாலு பேர் வாய்க்குப் பயந்தீங்களா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை கிளப்பில் விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து, மகள் இருக்கும் ஊருக்குக் கிளம்ப, சாக்கில் முப்பது பந்துகளை அள்ளிப் போட்டார்.

"அவ கதவைத் திறக்கலைன்னா?"

"கிரவுண்டுக்கு வந்துதானே ஆகணும். கேட் பக்கத்துல நிக்கிறேன்."

"விரட்டினா?"

"இடது பக்கமா நின்னுக்கிறேன். லேட்டாத்தான் கவனிப்பா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நாள் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அலமாரியைக் கிளறி அவருடைய பழைய முழங்கால் உறையை எடுத்து வந்தாள்.

"குனிஞ்சு குனிஞ்சு பந்து போடணும். கால் தாங்காது."

வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, சாக்கைத் தோளில் ஏற்றி, அவர் வாசலைத் தாண்டினார்.