மிதம் என்றால் எவ்வளவு

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு வழக்கறிஞரம்மா தொலைபேசியில் அழைத்தார். என் அண்ணன் லெவை மீதிருந்த வழக்கை அரசாங்கம் திரும்பப் பெற்றுவிட்டதாம். பறிமுதல் செய்த இறால் கூடுகளை வந்து எடுத்துக்கொள்ளலாமாம். அண்ணனைப் புதைத்து அன்றோடு ஒன்பது நாள்.

"அவர் செத்துட்டாருங்கறதாலயா, இல்ல அவர் செஞ்சது சரிங்கறதாலயா?" என்று கேட்டேன்.

"காரணம் எழுதலைங்க. ஒத்த வரிதான்."

நன்றி சொல்லி வைத்தேன். எதற்கு நன்றி என்று இன்னும் தெரியவில்லை.

லெவை சிங்கி இறால் பிடிப்பவர். கூட்டைத் தூக்கியதும் ஒவ்வொன்றையும் பித்தளை அளவுகோலில் வைத்துப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பார். சிறியது என்றால், "போ, வளர்ந்துட்டு வந்து என்னைப் பாரு." வயிற்றில் முட்டை அப்பியிருந்தால் குரலே குழைந்துவிடும். "தாயே, தப்பான பஸ்ல ஏறிட்டீங்க. இறங்கிக்குங்க."

படகில் கூடப்போகும் எங்கள் சித்தப்பா மகன் நொயல், "எங்கிட்ட ஒருநாளாவது இப்படிப் பேசியிருக்கியாண்ணே?" என்பான்.

"நீ எப்படா முட்டை போட்ட?"

பிடித்ததைப் படகிலேயே எண்ணி, எங்கள் குடியிருப்பின் சபை கொடுத்த நோட்டில் எழுதிவிடுவார். ஆனால் கரையேறியதும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். படகு இல்லாத வீடுகளின் பின்வாசலில், ஈரச் சாக்கில் இரண்டிரண்டாக வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். கதவைத் தட்டுவதில்லை. "தட்டினா டீ குடுப்பாங்க. டீ குடிச்சா கதை கேக்கணும்."

அப்படி வைத்துவிட்டு வரும்போதுதான் போன இலையுதிர் காலத்தில் மீன்வள அதிகாரிகள் சாலையில் மறித்தார்கள். நோட்டில் அறுபது, பெட்டியில் நாற்பத்திரண்டு. மிச்சத்தை யாருக்கு விற்றாய் என்று கேட்டார்கள். "ஞாபகம் இல்லைங்க ஐயா" என்றிருக்கிறார். மறுநாள் வளைகுடாவிலிருந்த அவருடைய கூடுகள் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் சபையின் அனுமதி வில்லை ஒவ்வொன்றிலும் தொங்கியது. மீன்வள அமைச்சகம் பிடிக்கக் குறித்த பருவம்தான் அது இல்லை.

"குடுத்தேன்னு சொல்லியிருக்கலாமேண்ணே" என்று கத்தினேன்.

"யாருக்குன்னு கேப்பான். அப்புறம் அந்தக் கிழவிங்க ஃபிரிட்ஜைத் தொறந்து பாப்பான்."

கனடாவின் பூர்வகுடிகளான எங்கள் மிக்மாக் மக்கள் மீன்பிடித்து 'மிதமான பிழைப்பு' நடத்தலாம் என்று, பிரிட்டிஷ் அரசோடு செய்த பழைய ஒப்பந்தத்தைப் பார்த்துப் பெரிய நீதிமன்றம் சொல்லி இருபது வருடத்துக்கு மேலாகிறது. எவ்வளவு என்றால் மிதம்? லெவைக்கு அது தொண்டையில் சிக்கிய முள். பாதிரியாரைக் கேட்டார். பெட்ரோல் போடுகிற பெண்ணைக் கேட்டார். தன்னைப் பிடித்த அதிகாரியையே கேட்டார்: "உங்க பிழைப்பு மிதமுங்களா, ஜாஸ்திங்களா?" அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாராம்.

வழக்கு வந்ததில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் லெவைதான். "ஜட்ஜ் பதில் சொல்லித்தானே ஆகணும், அகத்தா?" விசாரணைக்கென்று கோட்டு வாங்கினார். மூன்று வாரம் இருக்கும்போது படகுத்துறையில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். அந்தக் கோட்டோடுதான் அடக்கம் செய்தோம்.

செய்தி கேட்டு நொயல் வந்தான். உட்காரவில்லை.

"ஜெயிச்சுட்டமாக்கா? கொடி புடிக்கணுமா, மெழுகுவத்தி கொளுத்தணுமா?"

"தெரியலடா."

"காலேஜ் படிச்சவ நீ. உனக்கே தெரியலன்னா?" தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். "சரி, அதை விடு. நாளைக்கே அந்தக் கூட்டைக் கொண்டாந்து அதே எடத்துல நான் போட்டா, புடிப்பானா, மாட்டானா?"

வழக்கறிஞரம்மாவைத் திருப்பி அழைத்து அதையும் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார்.

நொயல் போன பிறகு லெவையின் மேசையை ஒழித்தேன். சாட்சி சொல்லத் தயாராவதற்காக வழக்கறிஞரம்மா கொடுத்திருந்த தாள் ஒன்று கிடந்தது. ஒரு வருடம் பிழைக்க உங்களுக்கு என்னென்ன தேவை என்ற கேள்வி. கீழே பத்து வரி. பென்சிலால் எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒன்று, விறகு. இரண்டு, வண்டிக்கு முன் டயர்கள். மூன்று, நொயலின் கடைவாய்ப்பல். நான்கு, சாவு வீடுகளுக்குச் சாப்பாடு. ஐந்து என்று எண் போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். அதற்குமேல் எழுதவில்லை.