உள்ளூர்க்காரனுக்கு வேலை இல்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது எனக்கு நாற்பது வயது ஆகியிருந்தது. அதற்கப்புறம் நான் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. கைத்தொழில் தெரிந்தவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் நாற்பது வயதில் வேலை தேடியிருக்க மாட்டார்கள்.

கடைசியில், வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கம்பெனியில் சிஎன்சி லேத்தில் இரும்பு கடைய ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நூம்பலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். முதலில் டிராயிங்கைக் கொடுத்து மெஷினில் ஒரு பீஸ் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். மேனேஜர் அளந்து பார்த்தார். அன்றைக்கு வந்தவர்களில் என் பீஸ் மட்டும்தான் அளவு தப்பாமல் வந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி மனைவி முகத்தை நேராகப் பார்க்கலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

அப்புறம் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, "எந்த ஊர் நீங்க?" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். "நூம்பல்தான் சார். தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான். சொந்தபந்தம் எல்லாம் பக்கத்துலயே. நீங்க எந்த நேரம் கூப்பிட்டாலும் நடந்தே வந்துடுவேன்" என்றேன், பெருமையாக. இதைவிட வேறென்ன தகுதி வேண்டும் என்று நம்பிய முட்டாள் நான்.

அவர் பேனாவை மூடிவிட்டார்.

நல்ல மனுஷன்தான், எதையும் மறைக்கவில்லை. "உங்க வேலையில குறையே இல்லைங்க. ஆனா சுத்துவட்டார ஆளுங்க வேணாம்னு முதலாளி கண்டிப்பா சொல்லியிருக்கார். வெளியூர்க்காரன் ரூம்ல தங்குவான், டூட்டிக்கு வருவான், நாலு வார்த்தை திட்டினாலும் கேட்டுக்குவான். இந்த ஊர் ஆளை ஒண்ணு சொன்னா மறுநாள் கேட்ல கூட்டம் நிக்குது. கூழ் ஊத்தறதுக்கு லீவு, காதுகுத்துக்கு லீவு வேற."

எனக்கு விளங்கிவிட்டது. திறமை வேண்டும்தான். ஆனால் அந்தத் திறமைசாலிக்கு ஏனென்று கேட்க நாதி இருக்கக் கூடாது. கோபம் பொங்கியது. அதை விழுங்கிக்கொண்டு, "எனக்கு யாருமே இல்லன்னு நினைச்சுக்குங்க சார்" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னதற்காக அன்று முழுக்க என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன். அவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது. "முதலாளிகிட்ட உங்களுக்காகப் பேசிப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறுங்க" என்றார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சொன்னால் எல்லா வீட்டிலும் சொன்ன மாதிரி. மறுநாள் காலையில் அண்ணன் வந்து நின்றான்.

"இன்னாடா, நம்ம ஊர்ல கம்பெனி வச்சிகினு நமக்கே வேலை இல்லன்றானா? நா போய் கேட்டுகினு வரேன்."

"வேணாம்ணா. அவரே பேசறேன்னு சொல்லிகீறாரு. நீ போனா எல்லாம் கெட்டுடும். உன் கால்ல வேணா உய்றேன்."

"சும்மா கிட. உனுக்கு நாங்க இல்ல?"

சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. வாசலில் இன்னும் நாலு பேர் பைக்கில் காத்திருந்தார்கள். எல்லாரும் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். எனக்காக அன்றைய பிழைப்பை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை, போய்விட்டார்கள்.

மத்தியானம் மேனேஜர் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நேத்து சாயங்காலமே முதலாளி சரின்னுட்டாருங்க. இன்னிக்கு உங்களை வரச் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப நான் என்ன பண்ண முடியும்?" என்று சொல்லி வைத்துவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தவன் மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை.

சற்று நேரத்தில் அண்ணன் வந்தான். சட்டையெல்லாம் வேர்வை.

"நாக்கப் புடுங்கிக்கிற மாரி கேட்டுட்டேன்டா. இனிமே நம்மாளுன்னா பயப்படுவானுங்க" என்று என் தோளில் கை போட்டான்.

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. போன் வந்ததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"சாப்ட்டியாண்ணா?" என்று கேட்டு, உள்ளே போய்த் தட்டு எடுத்து வைத்தேன்.